கிரிப்டோ சார்ட் படிக்கப் பழகுவது எப்படி?

சார்ட்டைத் திறந்ததுமே இண்டிகேட்டர்களை, அதாவது சார்ட்டில் சேர்க்கும் கணக்கீட்டுக் கருவிகளை, தேடி ஓட வேண்டாம். ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி போன்றவை எல்லாமே விலையிலிருந்து கணக்கிடப்படுபவைதான். முதலில் விலையைப் படிப்போம். டிரேடிங்வியூ போன்ற ஒரு தளத்தில் பிட்காயின்–டாலர் சார்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். மற்ற காயின்கள் அப்புறம்.

படி 1: டைம்ஃப்ரேமை ஒரு நாளுக்கு மாற்றுங்கள்

சார்ட்டில் வரிசையாகத் தெரியும் ஒவ்வொரு கட்டையும் ஒரு கேண்டில்; ஒரு கேண்டில் எவ்வளவு நேரத்தைக் காட்டுகிறது என்பதே டைம்ஃப்ரேம். ஒரு நிமிட சார்ட் பரபரப்பாக இருக்கும், ஆனால் புதியவருக்கு அதில் தலையும் புரியாது வாலும் புரியாது. கிரிப்டோ சந்தைக்கு விடுமுறை கிடையாது. அதனால் பெரும்பாலான தளங்களில் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு ஒரு நாள் கேண்டில் முடிந்து அடுத்தது தொடங்கும்.

படி 2: ஒரே ஒரு கேண்டிலைப் பாருங்கள்

அதில் நான்கு விலைகள் இருக்கும்: தொடக்கம், முடிவு, உச்சம், தாழ்வு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் விக். தொடக்கத்தைவிட மேலே முடிந்தால் பொதுவாகப் பச்சை, கீழே முடிந்தால் சிவப்பு.

ஒரு காயின் 100 டாலரில் தொடங்கி 88 வரை இறங்கி, பிறகு 106 வரை ஏறி, 104-இல் முடிந்தது என்று வையுங்கள். பச்சை உடல் வெறும் 4 டாலர், கீழ் விக்கோ 12 டாலர். விற்றவர்கள் ஆழமாகத் தள்ளியும், வாங்கியவர்கள் மீட்டுவிட்டார்கள் என்று இதைப் படிக்கலாம்.

இதே கேண்டிலை விலை 90-இல் இருந்த நேரத்தில் பார்த்திருந்தால்? நீளமான சிவப்பு உடல். பயந்துபோய் விற்றிருப்பீர்கள். அதனால்தான் முடியாத கேண்டிலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்கிறேன். இன்னொன்று: உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா என்று கேண்டில் சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் ஒரு மணி நேர சார்ட்டுக்கு இறங்கிப் பாருங்கள்.

படி 3: லாக் அளவுகோலைப் போடுங்கள்

சாதாரண அளவுகோலில், 2013 இறுதியில் பிட்காயின் 1,000 டாலரைத் தாண்டிய ஏற்றம் தரையோடு தரையாகத் தெரியும். லாக் (மடக்கை) அளவுகோலிலோ ஒரே சதவீத ஏற்றம் ஒரே உயரமாகத் தெரியும்: 1,000 டாலர் 2,000 ஆவதும் 30,000 டாலர் 60,000 ஆவதும் ஒரே உயரம்தான்.

படி 4: விலை திரும்பிய இடங்களைக் குறியுங்கள்

20,000 டாலர் பக்கம் ஒரு கோடு போடுங்கள். 2017 டிசம்பரில் விலை அங்கே வரை போய்த் திரும்பியது, இப்படி ஏற்றத்தைத் தடுக்கும் இடம் ரெசிஸ்டன்ஸ். 2020 டிசம்பரில் உடைத்துக்கொண்டு மேலே போனது. 2022 ஜூனில் அதே இடம் சப்போர்ட்டாக, அதாவது இறக்கத்தைத் தடுக்கும் இடமாக, தாங்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், விலையோ அதற்கும் கீழே இறங்கியது. ஆகவே மெல்லிய கோட்டைவிட அகலமான பட்டையாக வரைவதே நல்லது.

படி 5: வால்யூம்

கீழே தெரியும் கட்டைகள் எவ்வளவு காயின் கைமாறியது என்பதைக் காட்டும். பெரும்பாலும் அது அந்த ஒரு எக்ஸ்சேஞ்சின் (காயின்களை வாங்கி விற்கும் தளத்தின்) கணக்கு மட்டுமே. பெயர் தெரியாத எக்ஸ்சேஞ்சின் வால்யூமை நம்ப வேண்டாம். போலியாகக் காட்டுபவையும் உண்டு.

சரி, இனி பயிற்சி. சார்ட்டைப் பழைய தேதிக்கு நகர்த்தி, வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, அடுத்த கேண்டில் எப்படி வரும் என்று எழுதிவைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தப்பானவற்றையும் அழிக்காதீர்கள். இது பழகும்வரை லெவரேஜ் (கடன் வாங்கிப் பெரிதாக வர்த்தகம் செய்வது) பக்கமே போக வேண்டாம்.