வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டதா? வீட்டில் இருப்பதை வைத்தே கறையை எடுக்கலாம்

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வெள்ளை வேட்டியில் ஒரு துளி சாம்பார் விழுந்தால் கை உடனே தண்ணீர் டம்ளருக்குத்தான் போகும். ஊற்றி, பரபரவென்று தேய்ப்போம். கறை ஆழமாக இறங்குவது அப்போதுதான்.

சாம்பார் கறை என்றால் தாளித்த எண்ணெய், மஞ்சள், பருப்பு, புளி எல்லாம் சேர்ந்த கறை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஈரத்தோடு தேய்த்தால் எண்ணெய் நூலுக்குள் போகும், மஞ்சளும் கூடவே போகும். அதனால் முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும், அப்புறம்தான் நிறம். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் ஊறுகாய், வடை, குருமா என்று பெரும்பாலான கறைகளை நீங்களே எடுத்துவிடலாம்.

கீழே சொல்வது பருத்தித் துணிக்கு. பட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

1. வழித்து எடுங்கள்

துணிமேல் கிடக்கும் பருப்பையும் காயையும் ஸ்பூன் முனையால், ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக வழித்து எடுங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரையோ காய்ந்த துணியையோ வைத்து ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். வெளியூரில் இருந்தால் இதோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மற்றதைச் செய்யலாம்.

2. எண்ணெயை மாவுக்குக் கொடுங்கள்

கறைமேல் டால்கம் பவுடரோ மைதாவோ சோள மாவோ நன்றாக மூடும்படி தூவி, அரை மணி நேரம் விடுங்கள். கடலை மாவு வேண்டாம், அதன் மஞ்சள் நிறம் வெள்ளைத் துணிக்குத் தொல்லை. எண்ணெயை இழுத்தபின் மாவு லேசாக ஈரம் பட்டதுபோலத் திரண்டு நிற்கும். உதறிவிட்டு, எண்ணெய் இன்னும் தெரிந்தால் மறுபடி தூவுங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். ஆனால் பாதிக் கறை போவது இதில்தான்.

3. பாத்திரம் துலக்கும் லிக்விட்

எண்ணெய்க் கறைக்குத் துணி சோப்பைவிட இதுதான் எனக்குப் பிடித்தது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே தயாராவது இது. நிறம் இல்லாத லிக்விட் கிடைத்தால் இன்னும் நல்லது.

துணியைத் திருப்பி, கறைப்பக்கம் கீழே வருமாறு ஒரு பழைய துண்டின்மேல் விரியுங்கள். பின்பக்கத்திலிருந்து நாலைந்து சொட்டு லிக்விட் விட்டு விரல் நுனியால் அழுத்திவிடுங்கள். கறை வந்த வழியிலேயே வெளியேறித் துண்டில் இறங்கும். துண்டைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் திட்டு பதிந்திருப்பது தெரியும். துண்டின் சுத்தமான இடத்துக்குத் துணியை நகர்த்தி, திட்டு பதிவது நிற்கும் வரை இப்படியே செய்யுங்கள். 15 நிமிடம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பின்பக்கமாகவே அலசுங்கள்.

4. சிவந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்

சோப்பு பட்டதும் மஞ்சள் கறை செங்கல் நிறத்துக்கு மாறலாம். முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதல்லவா, அதே சங்கதிதான். சோப்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசினால் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும். சிவப்பு தெரிகிறது என்றால் சோப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. மீதி மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும்

குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்து நிறம் இழக்கும். கறை வெயிலைப் பார்க்கும்படி துணியை ஈரத்தோடு கொடியில் போடுங்கள். நல்ல வெயிலில் சாயங்காலத்துக்குள் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மிச்சம் இருந்தால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும்விட மஞ்சளுக்கு இதைத்தான் நான் நம்புவேன். வண்ணத் துணி என்றால் அதிக நேரம் விடாதீர்கள், சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

மழைக்காலம் என்றால் ஆல்கஹால் உள்ள சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றலாம், மஞ்சள் ஆல்கஹாலிலும் கரையும். முதலில் மடிப்பின் உள்பக்கம் ஒரு துளி வைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

6. காயவைத்துப் பார்த்த பிறகே இஸ்திரி

ஈரத்துணியில் எண்ணெய்த் திட்டு கண்ணுக்குப் படாது. முழுசாகக் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல்போல ஒரு வட்டம் தெரிந்தால் மூன்றாவது வேலைக்குத் திரும்புங்கள். இஸ்திரிச் சூடு பட்டுவிட்டால் மிஞ்சிய கறை இறுகிக்கொள்ளும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு.

நாள்பட்ட எண்ணெய்க் கறைக்கு ஆப்ப சோடாவையும் அதே லிக்விடையும் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துப் பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்க்கலாம். முழுசாகப் போகாவிட்டாலும் மங்கும்.

பால், முட்டை, ஐஸ்கிரீம் சிந்தினால் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீரில் புரதம் வெந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். டீ, காபி என்றால் உடனே குழாயடியில் பின்பக்கமாக அலசிவிட்டு, ஒரு கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து கறைமேல் ஒற்றுங்கள்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நுரை பொங்குவது பார்க்க அழகுதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் இரண்டின் பலமும் போய்விடும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். குளோரின் பிளீச்சோடு மட்டும் வினிகரையோ எலுமிச்சையையோ கலக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நச்சு, நுரையீரலைத் தாக்கும்.

பட்டுப்புடவையில் சிந்தினால் முதல் இரண்டு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆப்ப சோடா பட்டு நூலைக் கெடுக்கும், எலுமிச்சையும் வினிகரும் ஜரிகையைக் கறுக்கவைக்கும். பவுடரை உதறிவிட்டு, கறை உள்ள இடத்தைச் சுற்றி நூலால் ஒரு அடையாளத் தையல் போட்டு டிரை வாஷ் கடையில் கொடுங்கள். சாம்பாரா, நெய்யா, பாயசமா என்று கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டு வாருங்கள். எந்தக் கறை என்று தெரிந்தால்தான் அவர்களாலும் அதற்கேற்ற மருந்தைப் போட முடியும்.