தேனீப் பெட்டிகளுக்கு க்யூஆர் எண் பலகை: எதற்கு எண், எங்கே மாட்டுவது, எப்படிப் பதிவது

ரப்பர் இலை உதிர்ந்து ஜனவரியில் தளிர் விடத் தொடங்கியதும் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்துத் தேனீப் பெட்டிகள் ரப்பர் தேனுக்காக டெம்போ ஏறிவிடும். கொஞ்சம் பேச்சிப்பாறை, களியல் தோட்டங்களுக்கு. மீதி கேரள எல்லை தாண்டி நெடுமங்காடு, குளத்தூப்புழை, புனலூர் பக்கம். 200 பெட்டி வைத்திருப்பவருக்கு அவை ஐந்தாறு தோட்டங்களில் பிரிந்து கிடக்கும். எந்தப் பெட்டியில் ராணி இல்லை, எதை எதிலிருந்து பிரித்தோம், எதில் போன மாதம் புழு செத்துக் கிடந்தது என்பதையெல்லாம் 40, 50 பெட்டிவரை மனதிலும் நோட்டிலும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முடியாது. பெயிண்டில் எழுதிய எண் இரண்டு மழைக்காலத்தில் உரிந்துவிடும். தேன் பிசுக்குக் கையோடு எழுதிய நோட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.

க்யூஆர் கோடு இந்த வேலைக்குப் பொருத்தமானது. 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் இதை உருவாக்கியதே மோட்டார் வாகன உதிரிபாகங்களைத் தொழிற்சாலையில் கண்காணிக்கத்தான். எண்ணெய், அழுக்கு பட்டாலும் படிக்க வேண்டும் என்பது அப்போதே அதன் வடிவமைப்பில் இருந்தது. தோட்டத்தில் புகையும் மெழுகும் பட்டாலும் அது தாங்குவதற்குக் காரணம் அதுதான்.

எண் எதற்கு? மரப்பெட்டிக்கா, தேனீக் கூட்டத்துக்கா?

அச்சகத்துக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியது இது ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் இதை யோசிக்காமல் ஸ்டிக்கரை மேல்மூடியில் ஒட்டிவிடுகிறார்கள். மூடி பெட்டிக்குப் பெட்டி மாறும். தேன் அறையைக் கழற்றி வேறு பெட்டியில் வைப்போம். அடிப்பலகை செல்லரித்தால் மாற்றுவோம். ராணி முட்டையிடும் புழு அறைகூட நிரந்தரமில்லை. பலகை பிளந்தால் அடை கட்டிய மரச் சட்டங்களைத் தூக்கி வேறு பெட்டியில் வைத்துவிடுவோம். இத்தனை மாற்றத்திலும் தொடர்ந்து இருப்பது ராணியும் அதன் கூட்டமும். நாம் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

ஆகவே எண் கூட்டத்துக்கு. எண் பலகை கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். கூட்டம் எந்தப் பெட்டிக்குப் போகிறதோ அங்கே பலகையும் போக வேண்டும். ஒட்டும் ஸ்டிக்கர் இந்தக் காரணத்தாலேயே உதவாது. பெட்டிக் கணக்கும் வேண்டுமென்றால் அதற்குத் தனி எண் வரிசை வைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் சுட்டுவிடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

கோடுக்குள் என்ன வைப்பது?

வெறும் எண். 1001 முதல் தொடங்குங்கள். 0001 என்று தொடங்கினால் கூகுள் ஷீட் முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கிவிடும். ஊர்ப் பெயரை முன்னால் சேர்க்கவும் வேண்டாம். மார்த்தாண்டத்தின் முதல் மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டுக் கோடிட்டு 12 என்று எழுதினால் ஷீட் அதை மார்ச் 12 என்ற தேதியாக்கிவிடும். எண் மட்டும் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் பால்வெட்டும் சேட்டன் விடிகாலையில் போன் செய்து “1147 மறிஞ்சு கிடக்கு” என்று சொல்ல முடியும். அவருக்குத் தமிழ் எழுத்தும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம்.

கூகுள் பாரத்தின் (இணையத்தில் நிரப்பும் படிவம்) நீண்ட இணைப்பை அப்படியே கோடாக்குபவர்கள் உண்டு. ஸ்கேன் செய்தவுடன் பாரம் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இணைப்பு 150 எழுத்துவரை போகும். கோட்டின் ஒரு பகுதி சிதைந்தாலும் படிக்க உதவும் பிழைதிருத்தத்தை நடுத்தர அளவில் வைத்தால் அதற்குப் பக்கத்துக்கு 49 கட்டம் உள்ள கோடு தேவை. நான்கு இலக்க எண்ணுக்கோ மிகச் சிறிய வகையே போதும்: பக்கத்துக்கு 21 கட்டம், அதுவும் மிக உயர்ந்த திருத்த அளவில். அந்த அளவில் கோட்டின் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். ஒரே இடத்துக்குள் கட்டங்கள் குறைந்தால் ஒவ்வொரு கட்டமும் பெரிதாகும். மங்கல் வெளிச்சத்திலும் பழைய போன் படித்துவிடும். தவிர, பாரத்தை மாற்றினால் அச்சிட்ட 200 பலகையும் வீண். எண்ணுக்கு அந்தக் கேடு இல்லை.

இணையத்தில் ‘டைனமிக்’ கோடு என்று இலவசமாகத் தரும் தளங்களை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். கோடுக்குள் இருப்பது அவர்களுடைய இணைப்பு. சோதனைக் காலம் முடிந்து அதை நிறுத்திவிட்டால் தோட்டத்தில் தொங்கும் அத்தனை பலகையும் ஒரே நாளில் ஊமையாகிவிடும்.

அளவும் பொருளும்

கோட்டின் அகலத்தைப்போல் பத்து மடங்கு தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது நடைமுறைக் கணக்கு. முகவலை போட்டுக்கொண்டு ஒரு கையில் புகைப்பானோடு நிற்பவருக்கு 40 செ.மீ. தூரம் வேண்டும். எனவே ஒரு கட்டத்துக்கு 2 மி.மீ. வைத்தால் 21 கட்டத்துக்கு 42 மி.மீ. சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளையாக விட வேண்டும். அது பக்கத்துக்கு 8 மி.மீ. மொத்தம் 58 மி.மீ. பலகையை 60 மி.மீ. அகலம், 90 மி.மீ. உயரம் என்று வெட்டச் சொல்லுங்கள். மேலே துளைகளுக்குக் கொஞ்சம் இடம், நடுவில் கோடு, கீழே 15 மி.மீ. உயரத்தில் எண், அடியில் உங்கள் போன் எண்.

அந்த வெள்ளை ஓரத்தை அச்சகத்தில் அழகுக்காகக் குறைத்துவிடுவார்கள், அல்லது கட்டம் கட்டிவிடுவார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தும் போன் படிக்காமல் அலைவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், படமாக அனுப்பிய கோட்டை இழுத்துப் பெரிதாக்குவது. ஓரங்கள் மங்கும், அகலத்தை மட்டும் இழுத்தால் சதுரம் கோணும். பிடிஎஃப் அல்லது எஸ்விஜி கோப்பாகக் கொடுங்கள். எண் பட்டியலை சிஎஸ்வி ஆக்கி ஜிலேபிள்ஸ் என்ற இலவச மென்பொருளில் இணைத்தால் எல்லாப் பலகையும் ஒரே கோப்பில் வரும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு கேட்காதீர்கள்; சில ஸ்கேனர் அதைப் படிக்காது.

பொருளைப் பொறுத்தவரை, சாதாரணப் பேப்பர் ஸ்டிக்கர் மழையில் ஊறிவிடும். இங்க்ஜெட் மை கரைந்துவிடும். கடைகளில் பில் அடிக்கும் வெப்பக் காகிதம் வெயிலில் கறுக்கும் அல்லது வெளிறும். ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் பார்க்கும் ஊர் நமது. இதில் கஞ்சத்தனம் கூடாது. பிளெக்ஸ் அடிக்கும் கடையில் வினைலில் அச்சிட்டு, மேட் லேமினேஷன் போட்டு, 3 மி.மீ. சன்போர்டில் (பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டி வெட்டித் தருவார்கள். அது போதும். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். வெயிலும் டார்ச் வெளிச்சமும் அதில் பட்டுத் தெறித்துக் கோட்டை மறைக்கும்.

முதலில் ஐந்தே ஐந்து அடியுங்கள். உங்கள் குழுவில் யாருடைய போன் மிக மலிவோ அதில், நல்ல வெயிலிலும் அந்தி மங்கலிலும் படித்துப் பாருங்கள். ஒரு வாரம் மழையில் தொங்கவிடுங்கள். அதன் பிறகு மொத்தமாக அடியுங்கள்; இருக்கும் கூட்டங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக. பிரிக்கும் காலத்தில் புது எண் கையில் இல்லாவிட்டால் ‘அப்புறம் மாட்டலாம்’ என்று விட்டது அப்படியே நின்றுவிடும்.

மாட்டும் இடம்

பெட்டியின் பின்பக்கம், புழு அறையின் நடுவில். முன்பக்கம் மாட்டினால் ஸ்கேன் செய்பவர் தேனீ போய்வரும் வாசலின் குறுக்கே நிற்க வேண்டும். கூட்டம் சீறும், வேலையும் தடைபடும். பின்னால் நின்றுதான் சட்டம் எடுக்கிறோம். எண்ணும் அங்கேயே இருக்கட்டும்.

பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு துளை, பெட்டியில் இரண்டு சிறு திருகுக் கொக்கி. ஒற்றைக் கொக்கியில் தொங்கினால் காற்றில் சுழன்று கோடு மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். திருகு 12 மி.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம். அதிகமானால் பெட்டியின் மரத்தைத் துளைத்து உள்ளே நீட்டி, ஓரச் சட்டத்தை எடுக்கும்போது அடையைக் கிழிக்கும். மாட்டிய பிறகு துளை வழியாக மெல்லிய கட்டுக்கம்பியால் ஒரு சுற்று. மலைப்பாதையில் டெம்போ குலுங்கும்போது கட்டாத பலகை ஒன்றிரண்டாவது கீழே விழும். விழுந்த பலகை எந்தக் கூட்டத்துடையது என்று இருட்டில் யாராலும் சொல்ல முடியாது.

பதிவு செய்வது

கூகுள் ஷீட்டில் இரண்டு தாள். ‘கூட்டம்’ என்ற தாளில் ஒரு எண்ணுக்கு ஒரு வரி: எண், தாய்க்கூட்டத்தின் எண், தொடங்கிய நாள், உயிரோடு உள்ளதா. ‘நடப்பு’ என்ற தாளில் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு புது வரி. பழைய வரியை அழித்துத் திருத்தவே கூடாது. இன்றைய நிலையை மட்டும் வைத்திருக்கும் பதிவேட்டால், எந்தக் கூட்டம் மூன்று மாதமாகத் தேய்ந்துவருகிறது என்று காட்ட முடியாது.

இந்த ஷீட்டின் மேல் ஆப்ஷீட்டில் (ஷீட்டிலிருந்து போன் செயலி செய்ய உதவும் கூகுள் சேவை) ஒரு செயலி செய்துகொள்ளலாம். எண் நெடுவரிசைக்கு ஸ்கேன் வசதியை இயக்கினால், அந்த இடத்தில் கேமரா குறி வந்துவிடும். பட்டியலில் இல்லாத எண்ணை ஏற்காதபடி அமைத்துவிடுங்கள். கேள்விகள் ஐந்துக்கு மேல் போக வேண்டாம்: தேனீ மூடிய சட்டம் எத்தனை (இந்தியத் தேனீக்குப் பயன்படும் நியூட்டன் வகைப் பெட்டியின் புழு அறையில் 7), முட்டை தெரிந்ததா, புழு நலமா, இன்று செய்தது என்ன, எடுத்த தேன் சட்டம் எத்தனை. எல்லாமே விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி. தேதி தானாக விழட்டும். தட்டச்சு செய்ய ஒரே ஒரு குறிப்புக் கட்டம். முட்டை தெரிந்தால் அண்மைவரை ராணி இருந்திருக்கிறது என்று பொருள். ராணியைத் தேடிச் சட்டம் சட்டமாகப் புரட்ட வேண்டாம்.

தோட்டத்துக்குள் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். வீட்டில் செயலியை ஒருமுறை திறந்து தகவலை இறக்கிக்கொண்டு போனால் உள்ளே சிக்னல் இல்லாமலே பதியலாம். ரோட்டுக்கு வந்ததும் ஒத்திசைவு பொத்தானை அழுத்த வேண்டும். அதை மறந்து இரண்டு பேர் இரண்டு போனில் ஒரே நாள் வேலையைப் பதிந்து வைத்திருந்தால் ஒரே கூட்டத்துக்கு இரட்டை வரி வரும். ஒரு தோட்டத்துக்கு ஒரு போன் என்று வைத்துக்கொள்வது நல்லது. போனை ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய தெளிவான பை வழியாகக் கேமரா படிக்கும், தேன் பிசுக்கு பையோடு போகும்.

இடம் மாற்றும் இரவு

இதற்குத்தான் கோடு உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எண் கொடுத்து (9001, 9002 என்று தனி வரிசை) அதையும் பலகையாக அடித்துக்கொள்ளுங்கள். அதை ரப்பர் மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். பட்டையில் ஆணி இறங்கினால் பால் வெட்டும் இடம் கெடும், தோட்டக்காரரோடு உறவும் கெடும். முதல் பெட்டி நிற்கும் காலில் கட்டினால் போதும்.

வெளியே போன தேனீக்கள் அந்தியில் வந்தடைந்ததும் வாசலை அடைத்து, ஏற்றும்போது ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யுங்கள். ஒருவர் தூக்க, ஒருவர் ஸ்கேன் செய்ய வேண்டும்; இரண்டையும் ஒருவரே செய்தால் பத்தாவது பெட்டியில் விட்டுப்போகும். இறக்கும் இடத்தில் முதலில் தோட்டத்தின் எண், பிறகு ஒவ்வொரு கூட்டம். ஏற்றியது 60, இறக்கியது 59 என்றால் அந்த ஒரு எண்ணை விடியும் முன் தேடிவிடலாம். வாசல் அடைத்த பெட்டி கவனிக்கப்படாமல் வண்டியில் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தால், பகல் வெயில் ஏறியதும் உள்ளே அடை இளகிக் கூட்டமே வெந்துபோகும். இருட்டில் டார்ச்சை நேராக அடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

பிரிக்கும்போதும் இழக்கும்போதும்

கூட்டத்தைப் பிரித்தால் பழைய ராணி இருக்கும் பாதிக்கே பழைய எண். ராணி இல்லாத பாதிக்குப் புது எண். தாய் எண்ணைக் கட்டாயம் எழுதவும். இந்த ஒரு நெடுவரிசைக்காக மட்டுமே இத்தனை வேலையும் செய்யலாம். 1990களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக் புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது இந்தப் பகுதி மறக்க முடியாத இழப்பு. நோய் வந்த ஆண்டில் எந்தத் தாயின் கூட்டங்கள் தாங்கி நின்றன என்று ஷீட்டை வடிகட்டிப் பார்த்து, அவற்றிலிருந்து அடுத்த பிரிவை எடுக்கலாம். நினைவை நம்பித் தேர்ந்தெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கூட்டம் பறந்துபோனாலோ செத்தாலோ அந்த எண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பலகையைக் கழற்றி, ‘இல்லை’ என்று பதிந்து, உடைத்துப் போடுங்கள். காலிப் பெட்டியில் விட்டுவைத்தால் அடுத்துப் பிடித்துவைக்கும் கூட்டம் செத்த கூட்டத்தின் வரலாற்றைச் சுமக்கும்.

தேன் கேன்

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எந்தத் தோட்டத்துத் தேன், எப்போது எடுத்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லக் கேனிலும் எண் வேண்டும். இங்கே கூட்டத்தின் எண் உதவாது, பல பெட்டித் தேன் ஒன்றாகக் கலந்துவிடுகிறதே. ஒரு தோட்டம், ஒரு நாள், அதற்கு ஒரு தொகுதி எண். அதோடு ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த ஈரப்பதம். ரப்பர் தேனில் ஈரம் அதிகம் நிற்கும், உணவுத் தர விதியின் உச்சவரம்போ 20 சதவீதம். ஆகவே வடிகட்டும் முன்னும் பின்னும் இரண்டு அளவையும் பதியுங்கள். கோட்டை மூடியில் ஒட்டாமல் கேனின் தோளில் ஒட்டுங்கள். மூடிகள் கழுவும் இடத்தில் மாறிவிடும். ஒட்டும் முன் வெந்நீர்த் துணியால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். தேன் படலத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மறுநாளே வழுக்கிக் கீழே கிடக்கும்.