கிளம்பும் நாளில் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

மூன்று மாதம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, கடைசி மூன்று நாளில் பெயரைக் கெடுத்துக்கொண்டு போகிறவர்களை ராமநாதபுரம் கடற்கரையில் நிறையப் பார்க்கலாம். கனடா, பிரான்ஸ், மலேசியா என்று வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். மாலை வகுப்பு எடுக்கவோ கடற்கரைக் குப்பையை அகற்றவோ தன்னார்வலராக வந்து, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் தங்குகிறார்கள். மொழி ஓரளவு தெரியும், சாப்பாடும் பழகியதுதான். அதனாலேயே விடைபெறுவதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று அனுப்புகிற அமைப்புகளும் விட்டுவிடுகின்றன. வருகிற அன்று எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு வகுப்பு உண்டு. போகிற அன்றைக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

வந்தவர் போய்விடுவார். அந்த வீடு அதே தெருவில், அதே அக்கம்பக்கத்தோடு இருந்தாக வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

டிக்கெட்டைப் பார்த்து நாள் குறிப்பது

மதுரையில் விமானம் எப்போது, ராமேசுவரத்தில் ரயில் எப்போது என்று பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, முந்தின நாள் வீட்டில் சொல்கிறார்கள். இது கடல்தொழில் வீடு. ராமேசுவரம் பக்கம், பாக் விரிகுடாவில், உள்ளூர்க்காரர் வடகடல் என்று சொல்லும் இடத்தில், விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிற விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். நீங்கள் புதன்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தால் வீட்டுக்காரர் அப்போது கடலில் இருப்பார். பெரியவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள் என்றுதான் தெருவில் பேச்சு வரும். கடற்பாசி எடுக்கும் பெண்களின் வீடு என்றால் கணக்கு வேறு. நீர் வற்றும் நேரம் பார்த்து விடியுமுன்பே கிளம்பிப் போய்விடுவார்கள். டிக்கெட் எடுக்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

நாள் ஒத்துவந்தாலும் நேரம் ஒத்துவர வேண்டும். இந்து வீடு என்றால் அப்பத்தா தினசரி காலண்டரின் தாளைப் பார்த்து ராகு காலம் சொல்வார். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை உங்களை வாசற்படி தாண்ட விடமாட்டார். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று சிரிக்க வேண்டாம். பஸ் அந்த நேரத்தில்தான் என்றால் அவரிடமே வழி இருக்கிறது. முன்கூட்டியே நல்ல நேரத்தில் உங்கள் பை ஒன்றை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகு காலத்தில் பஸ் ஏறினாலும் தோஷமில்லை. இவ்வளவு வளைந்து கொடுக்கும் சாஸ்திரத்தோடு எதற்குச் சண்டை? சார்ஜரை மறந்துவிட்டு வாசலிலிருந்து உள்ளே திரும்பினால் மட்டும், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். முஸ்லிம் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும், கிறிஸ்தவ வீட்டில் ஞாயிறு பூசை நேரத்தையும் தவிர்த்தால் போதும்.

எல்லா வீட்டிலும் காலில் விழுவதும் சரியல்ல. முஸ்லிம் வீட்டில் பெரியவர் பதறிப்போவார். எனக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டால் மனம் குளிர்ந்துவிடும். கிறிஸ்தவ வீட்டில் எல்லோரும் கூடி நின்று ஒரு செபம் சொல்லி நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவார்கள். அந்த இரண்டு நிமிடம் கைபேசியைப் பார்க்காமல் நில்லுங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து நழுவுகிறவர்களும் உண்டு, அழுவார்களே என்று. அழட்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவுக்குள் ரயில் மறுபடி வருகிறது. ஸ்டேஷன்வரை வந்து ஏற்றிவிட வீடே திரண்டு வரும். வரவேண்டாம் என்று தடுக்காதீர்கள்.

கவரில் பணம், கட்டிலில் குவியல்

மிச்சமிருக்கும் ரூபாய் நோட்டையெல்லாம் கவரில் போட்டு அந்த வீட்டு அம்மாவின் கையில் திணிப்பது அடுத்த தவறு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அமைப்பு ஒரு தொகை கொடுக்கிறது. அதற்கு மேல் நீங்கள் கொடுத்தது அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரியும். தெரியும்போது இரண்டு மடங்காகியிருக்கும். அடுத்து வருகிறவரை யார் வீட்டில் வைப்பது என்று அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல் வரும். இன்னொன்றும் இருக்கிறது. இங்கே பல வீடுகள் படகு உரிமையாளரிடமோ மீன் வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருக்கும். பணம் வந்த செய்தி அவர் காதுக்கும் போகும். கவரில் இருந்தது ஒரு ராத்திரியாவது அந்த வீட்டில் தங்குமா என்பது சந்தேகம். உதவியே செய்ய வேண்டுமென்றால் அமைப்பின் வழியாக, எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் செய்யுங்கள்.

அதற்காக வெறுங்கையோடு விடைபெறுவதும் அழகில்லை. ஒரு தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, மேலே வேண்டுமானால் 101 ரூபாய். முஸ்லிம் வீட்டுக்குப் பழமும் இனிப்பும். பொருளாகத் தருவதானால் வீடு முழுவதற்கும் பயன்படுவதாக, மின்சாரம் போனால் எரியும் சார்ஜ் விளக்கு மாதிரி ஒன்று. மூத்த பையனுக்கு மட்டும் போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால், தம்பி தங்கைகளின் சண்டையை அந்த அம்மா ஒரு வருஷம் தீர்த்துக்கொண்டிருப்பார்.

கிளம்பியவரின் கட்டிலில் ஒரு குவியலைப் பார்த்திருக்கிறேன். பாதி தீர்ந்த ஷாம்பு, கழுத்து தளர்ந்த டி-சட்டை இரண்டு, வெயிலுக்குப் பூசும் கிரீம், ஆன்டிபயாட்டிக் பட்டையில் மீதி நான்கு மாத்திரை. மேலே ‘உங்களுக்கு’ என்று எழுதிய சீட்டு, பக்கத்தில் ஓர் இதயப் படம். குப்பைக்கூடையை அன்பளிப்பாக்குவது இது. துணி நன்றாக இருந்தால், வேண்டுமா என்று கேட்டு, துவைத்து மடித்து, கையில் கொடுங்கள். மாத்திரையை விட்டுப்போகவே கூடாது. அடுத்த காய்ச்சலுக்கு அந்த நான்கையும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள்.

வாங்கிக்கொள்வதில் வரும் வினை

கொடுப்பதைவிட வாங்குவதில்தான் மாட்டிக்கொள்வார்கள். வீட்டுத் தாத்தா பரணிலிருந்து தூசி தட்டி ஒரு பவளத் துண்டையோ கடல்விசிறியையோ காய்ந்த கடல்குதிரையையோ எடுத்து நீட்டுவார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சிப்பிகள் எல்லாம் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டிக்குள் அது தெரிந்தால் நீங்கள் விமானத்தைத் தவறவிடுவது சின்ன விஷயம். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லும் பதில் வனத்துறையை அந்தத் தாத்தாவின் வாசலுக்குக் கூட்டிவரும்.

அவர் காலத்தில் அது வெறும் கல். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள், வீடும் கட்டினார்கள். இந்தக் கரையின் பழைய சுவர்களில் இன்றும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகும் அந்த வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. எனவே அவருக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தாதீர்கள். கையில் வாங்கிப் பாருங்கள், எங்கே கிடைத்தது என்று கதை கேளுங்கள், ‘விமானத்தில் விடமாட்டார்கள் தாத்தா’ என்று திருப்பிக் கொடுங்கள். அத்தோடு விடாமல், வேறொன்றை நீங்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுத்தது மட்டும்தான் அவர் மனத்தில் நிற்கும்.

கருவாடு கேளுங்கள். அப்பத்தா நெத்திலிக் கருவாட்டை முறத்தில் கொட்டி, மண் ஒட்டியதையும் தலை போனதையும் ஒதுக்கி, ஒரே அளவாகப் பொறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, கடைசியில் பழைய துண்டு ஒன்றில் மூட்டையாகக் கட்டித் தருவார். இத்தனைக்குப் பிறகும் வாசம் வரத்தான் செய்யும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் எந்த உணவுப் பொருளானாலும் நுழைவுப் படிவத்தில் குறித்தாக வேண்டும், மறைத்தால் அபராதம். அங்கே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்பது அப்பத்தாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. கருவாடு ஆகாது என்றால் பனங்கருப்பட்டி, கீழக்கரையின் தொதல் என்ற இனிப்பு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த ராமநாதபுரம் முண்டு மிளகாய், பனையோலைக் கொட்டான் என்று எவ்வளவோ இருக்கின்றன. எதற்கும் விலை கேட்டுப் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கடைசி விருந்தைப் பற்றி ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அப்போது அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணமும் கடனும்தான் ஓட்டம். அந்த நாட்களில் கிளம்புகிறவர் வாயைத் திறக்காமல் இருந்தால் நண்டும் இறாலும் கடன் வாங்கியாவது வந்துவிடும். ஒரு வாரம் முன்பே, போகிற அன்று எனக்குப் பழைய சோறும் சுட்ட கருவாடும்தான் வேண்டும் என்று உரிமையோடு கேட்டு வைத்துவிடுங்கள்.

அழுகையோடு வரும் வாக்கு

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அழுகை வந்தால் வாய் தாராளமாகிவிடும். தங்கச்சியை நான் படிக்க வைக்கிறேன், தம்பிக்கு எங்கள் ஊரில் வேலை பார்க்கிறேன், அக்கா கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறேன். ரயில் மண்டபம் தாண்டுமுன் உங்களுக்கு மறந்துவிடலாம். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து எந்தக் கல்லூரி என்ற பேச்சு வரும்போது உங்கள் பெயர் அந்த வீட்டில் வரும். அக்கா சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருந்து விண்ணப்பத் தேதி போய்விடும். வேலைப் பேச்சு இன்னும் ஆபத்து. வளைகுடா நாடுகளுக்கு ஆள் போய்க்கொண்டே இருக்கும் மாவட்டம் இது. ஏஜென்ட்டிடம் பணம் கட்டி ஏமாந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. நீங்கள் வாய்தவறிச் சொன்னதை நம்பி ஒருவன் பாஸ்போர்ட்டுக்கு அலைந்து, வட்டிக்கும் வாங்கிவிடுவான்.

படிக்க வைக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்தும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அமைப்போடு பேசுங்கள். பிள்ளைக்கு அதுவரை தெரிய வேண்டாம்.

படங்கள் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அழுகிற குழந்தையின் முகத்தைப் பெற்றவரைக் கேட்காமல் போடுவது தவறு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இந்தக் கரைக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. தேசியப் பூங்காவான அந்தத் தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இதில் நெடுநாள் தகராறு. உழைக்கும் கரங்கள் என்று நீங்கள் பாராட்டிப் போட்ட படம், எந்தத் தீவு என்ற குறிப்போடு இருந்தால், அவர்கள்மேல் வழக்குக்குச் சாட்சியாகிவிடும். படகின் பதிவு எண் தெரியும் படங்களையும் அதேபோல் போடாமல் விடுங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும், பெட்டியைத் திறக்குமுன், பெரியவரின் எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு இருந்து பழகிய வீடு. உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அப்பத்தா சாப்பிடமாட்டார். வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிட்டேனே என்று இருந்துவிடாதீர்கள். அதைப் பார்ப்பவன் எட்டாம் வகுப்புப் பையன். விளையாடிவிட்டு வந்து, மறுநாள்தான் வீட்டில் சொல்வான்.