பத்துப் பழைய கணினிக்கு ஒரே டவுன்லோட் போதும்

தமிழ்ப் பாடசாலைக்கென்று பழைய லேப்டாப்களில் ஆன்டிஎக்ஸ் அல்லது லுபுன்டு (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போடும் டர்பன், சாட்ஸ்வொர்த் நண்பர்களே, அப்டேட்டை ஒன்றில் மட்டும் இறக்குங்கள். வார் கோப்புறைக்குள் கேஷ், அதனுள் ஆப்ட், அதனுள் ஆர்க்கைவ்ஸ்: அங்குள்ள டெப் கோப்புகளை (மென்பொருள் பொதிகளை) பென்டிரைவில் எடுத்து, மற்றக் கணினிகளில் அதே இடத்தில் ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் போடுங்கள். ப்ரீபெய்டு டேட்டா வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல மிச்சம்.

தேவையான பொதி அந்தக் கோப்புறையில் ஏற்கெனவே இருந்தால், மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட் அதை மறுபடி இறக்காது. கோப்பின் அளவு பொருந்தாவிட்டால், அதை மட்டும் புதிதாக எடுக்கும். ஆனால் முதல் கணினியில் 'ஆப்ட்' கட்டளை வேண்டாம். நிறுவியதும் கோப்புகளை அதுவே அழித்துவிடும். 'ஆப்ட்-கெட்' அழிக்காது. பலர் காலியான கோப்புறையைப் பார்த்து விழிப்பது இதனால்தான்.

பொதிப் பட்டியலை எல்லாவற்றிலும் அதே நாளில் புதுப்பியுங்கள். அந்தச் சிறு டேட்டா தவிர்க்க முடியாதது. பிறகு அப்கிரேட் கொடுத்து, 'ஆம்' சொல்வதற்கு முன் இறக்க வேண்டிய அளவு 0 என்று காட்டுகிறதா பாருங்கள்.

32 பிட் கணினிக்கும் 64 பிட் கணினிக்கும் இடையே இது பெரும்பாலும் பலிக்காது. லினக்ஸின் வெளியீட்டு எண் வேறானாலும் அப்படியே. லுபுன்டுவில் ஸ்னாப்பாக (டெப் அல்லாத வேறொரு பொதி வகையாக) வரும் ஃபயர்ஃபாக்ஸ் இந்தக் கோப்புறைக்கே வராது.