தென்னாப்பிரிக்காவில் கேம்பர்வேன் பயணம்: இரவுகளை முதலில் எழுதுங்கள்

டர்பனில் குடியிருக்கும் எங்களிடம், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினர்கள் கேம்பர்வேன் பேச்சை எடுத்தால், பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மனம் போன போக்கில் ஓட்டிச் சென்று, இருட்டிய இடத்தில் ஓரமாக நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் அல்லவா? படுக்கையும் அடுப்பும் கூடவே வரும்போது விடுதி எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அப்படிச் செய்யக் கூடாது. சாலையோரம், கடற்கரை வாகன நிறுத்தம், பெட்ரோல் நிலையம் ஆகிய எவையும் இரவு தங்கும் இடங்கள் அல்ல. திருட்டும் வழிப்பறியும் வெறும் வதந்தி அல்ல என்பதால், உள்ளூர்க்காரர்களே கேரவனோடு புறப்பட்டால் வேலியும் காவலும் உள்ள முகாமுக்குள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆகவே, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பிறகு வைத்துக்கொண்டு, எந்த இரவு எந்த முகாமில் என்பதை முதலில் எழுதுங்கள்.

அதற்கும் முன்பாக மாதத்தை முடிவு செய்தாக வேண்டும். இந்த ஒரே நாட்டுக்குள் இரண்டு மழைக்காலங்கள் இருக்கின்றன. கேப் டவுனும் அதைச் சுற்றியுள்ள தென்மேற்கு மூலையும் மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்கால மழையில் நனையும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணம், ஜோஹன்னஸ்பர்க், வடகிழக்கில் உள்ள க்ரூகர் வனவிலங்குப் பூங்கா ஆகிய பகுதிகளிலோ அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கோடையில்தான் மழை. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மே மாத விடுமுறையில் கேப் டவுனை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் மேகத்தைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களுக்குப் பொருந்துவது கிழக்கும் வடகிழக்குமே. அப்போது க்ரூகரில் புல் காய்ந்து மறைவு குறைந்திருக்கும், விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும், மலேரியாவின் ஆபத்தும் கோடையைவிடக் குறைவு; ஆனாலும் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இந்நாட்டுப் பள்ளி விடுமுறை என்பதால் கடலோர முகாம்களில் இடம் கிடைப்பது அரிது. கேப் பகுதிக்கு வருபவர்களுக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் சொல்வேன்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு விசா தேவை. கடவுச்சீட்டில் இரண்டு வெற்றுப் பக்கங்களாவது இருக்க வேண்டும். குழந்தைகளோடு வருபவர்கள் பெற்றோர் பெயர் இடம்பெற்ற பிறப்புச் சான்றிதழை எடுத்து வர வேண்டும். வழியில் அண்டை நாடுகளான லெசோத்தோவுக்கோ எஸ்வாட்டினிக்கோ சென்று திரும்ப எண்ணினால் பலமுறை நுழையும் விசாவும், எல்லை கடக்க வண்டி உரிமையாளர் தரும் அனுமதிக் கடிதமும் வேண்டும். ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில், படத்தோடும் கையொப்பத்தோடும் இருந்தால் இங்கு செல்லும். இருப்பினும் உங்கள் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது; வாடகை நிறுவனமோ காப்பீட்டாளரோ கேட்கும்போது வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வண்டி ஓட்டும்போது அசல் உரிமம் கையில் இருந்தாக வேண்டும்.

வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளேயே நின்று நடக்கக்கூடிய, நான்கு பேர் உறங்கக்கூடிய உயரமான மோட்டார் வீடு. மற்றொன்று, இங்கு ‘பக்கி’ என்று அழைக்கப்படும் பிக்கப் வண்டி. அதன் கூரையின்மேல் கூடாரம் விரியும். பக்கியில் மண்சாலைக்கும் மலைப்பாதைக்கும் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் வயதான பெற்றோரை அழைத்து வருபவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்ல ஏணியில் இறங்க வேண்டிய மாமியாரின் நிலையை ஒரு முறை எண்ணிப் பார்த்தால் போதும். வாடகை நிலையங்கள் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் விமான நிலையங்களை ஒட்டியே இருக்கின்றன. ஓரூரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. எனவே எடுத்த இடத்துக்கே திரும்பும் வட்டப் பாதை சிக்கனமானது.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் மட்டும் அவசரம் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எடுத்த வண்டியின் டயர் ஒன்று குழியில் விழுந்து கிழிந்தபோது, ‘முழுப் பாதுகாப்பு’ என்று நாங்கள் நம்பிக் கையெழுத்திட்ட தாளில் டயரும் கண்ணாடியும் சேரவில்லை என்பது திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் தெரிந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை, நாங்கள்தான் படிக்கவில்லை. டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, நீரில் இறங்குவதால் நேரும் சேதம் ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேட்டு, நம் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும்போதே நான்கு புறமும் கூரையும் தெரியும்படி படம் எடுத்துவிட வேண்டும்.

மே முதல் ஆகஸ்ட் வரை வருபவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் பதினான்கு இரவுகள் இவை: ஜோஹன்னஸ்பர்க்கில் 1, க்ரூகரில் 4, போங்கோலா சுற்றுவட்டாரத்தில் 1, செயின்ட் லூசியாவில் 2, டர்பன் பக்கம் 3, டிராகன்ஸ்பெர்க் மலையில் 2, கோல்டன் கேட் பூங்காவில் 1. மொத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் இரவை வண்டியில் கழிக்காதீர்கள். விமானக் களைப்போடு பழக்கமில்லாத பெரிய வண்டியை நெரிசலில் ஓட்டுவது அறிவுடைமை அல்ல. விடுதியில் உறங்கி எழுந்து காலையில் வண்டியை எடுங்கள். வந்து இறங்கிய நாளின் மாலையில் நேரம் கிடைத்தால், 1914ஆம் ஆண்டு உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அடக்கம் செய்யப்பட்ட பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று வரலாம்.

க்ரூகர்தான் இந்தத் திட்டத்தின் கடினமான பகுதி, காரணம் அங்குள்ள கதவுகள். ஜூன், ஜூலை மாதங்களில் முகாம்களின் கதவு மாலை 5.30 மணிக்கு மூடப்படும். பிந்தி வந்தால் அபராதம். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் என்பதே உச்ச வேகம். ஓர்பன் வாயிலிலிருந்து சதாரா முகாம் 48 கிலோமீட்டர்தானே என்று நினைப்பவர்கள், விதிப்படி ஓட்டினாலே ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும், நடுச்சாலையில் யானைக் கூட்டம் நின்றுவிட்டால் அது நகரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் நாளில் மலேலேன் வாயில் வழியாக நுழைந்து, அதிலிருந்து 12 கிலோமீட்டரில் உள்ள பெர்க்-என்-டால் முகாமில் தங்குங்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓட்டி வந்த களைப்புக்கு அதுவே சரியான தொலைவு. அடுத்த மூன்று இரவுகளை லோயர் சாபி, சதாரா போன்ற முகாம்களில் வைத்துக்கொள்ளலாம். கூடார இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். எனவே முகாம்களை உறுதி செய்த பிறகே வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள் வண்டி இருந்தும் தங்க இடமில்லாமல் பூங்காவுக்கு வெளியே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

1999ஆம் ஆண்டு உலக மரபிடமாக அறிவிக்கப்பட்ட ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வாசலில் இருக்கும் செயின்ட் லூசியாவில், இருட்டியதும் நீர்யானைகள் ஊருக்குள் புல் மேய வரும். ஆகவே முகாமிலிருந்து கடைத்தெருவுக்கு இரவில் நடந்து போகக் கூடாது. அங்கிருந்து தெற்கே வந்தால் டர்பன். நகருக்குள் பெரிய வண்டியை நிறுத்த இடம் தேடி அலைவதைவிட, ஸ்காட்பர்க் போன்ற தெற்குக் கடற்கரை ஊர் ஒன்றின் கேரவன் பூங்காவில் தங்கி வந்துபோவது எளிது. அரிசி, பருப்பு, மசாலாப் பொடி, கறிவேப்பிலை எல்லாம் டர்பனில் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் ஊரிலிருந்து பெட்டி பெட்டியாகச் சுமந்து வர வேண்டாம். கடைப் பலகைகளில் மூட்லி, கவண்டர், படையாச்சி என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்த முதல் கூட்டத்துக்கும் அதன் பின் வந்தவர்களுக்கும் வழித்தோன்றிய நம் முதலியாரும் கவுண்டரும் படையாட்சியும்தான் அவர்கள். தமிழ் பேசுவோர் இன்று குறைவு. ஆனாலும் ‘வணக்கம் ஆன்ட்டி’ என்று சொல்லிப் பாருங்கள், நல்ல மாம்பழ ஊறுகாய் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற தகவலோடு பேச்சு தொடங்கிவிடும்.

டிராகன்ஸ்பெர்க்கில் ராயல் நட்டால் பூங்காவின் மஹாய் முகாமும், கோல்டன் கேட்டில் க்ளென் ரீனன் முகாமும் போதும். ஜூன், ஜூலை இரவுகளில் அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்; ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணி மெல்லிய போர்வையோடு வந்தவர்களுக்கு நாங்கள் கம்பளி கடன் கொடுத்திருக்கிறோம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வருபவர்கள் இதற்குப் பதிலாகக் கேப் டவுனிலிருந்து என்2 சாலையில் கிழக்கே போய், வில்டர்னஸ், ஸ்டார்ம்ஸ் ரிவர் மவுத், ஆடோ யானைப் பூங்கா என்று இரவுகளை அமைத்துக்கொள்ளலாம். கோடைத் தென்கிழக்குக் காற்று உயரமான வண்டியைத் தள்ளிவிடும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நம்மவர்களுக்குப் பாதி கவலை இல்லை. மீதிப் பாதி இது: நான்கு பக்கமும் ‘நில்’ பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவரே முதலில் போவார், முகப்பை நுழைப்பவர் அல்ல. போக்குவரத்து விளக்கை ‘ரோபோ’ என்பார்கள். வழி கேட்கும்போது குழம்ப வேண்டாம். வேகமாக வரும் வண்டிக்கு, பார்வை நன்றாகத் தெரியும் இடத்தில், மஞ்சள் கோட்டுக்கு இடப்புறம் சற்று ஒதுங்கி வழிவிடுவதும், முந்திச் சென்றவர் விளக்குகளை மினுக்கி நன்றி சொல்வதும் வழக்கம். பெட்ரோலை ஊழியர்தான் நிரப்புவார். அவருக்கும், வாகன நிறுத்தத்தில் ஒளிரும் சட்டையோடு நின்று வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்கும் கொடுக்கச் சில ராண்ட் நாணயங்களை எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், தவிர்க்க முடியாத நாட்களில் 400. ஜூன் மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணிக்கே பொழுது விழுந்துவிடும். மூன்று மணிக்கெல்லாம் முகாமுக்குள் இருப்பவர்தான் நிம்மதியாகத் தேநீர் போடுவார். கைப்பேசியிலிருந்து அவசர அழைப்புக்கு 112.

முகாம் வாழ்க்கை எளிது. மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். நம் வீட்டுக் கீசரின் பெரிய மூன்று முனைச் செருகி இந்நாட்டுச் சுவர்த் துளையில் அப்படியே பொருந்தும். ஆனால் முகாமின் கம்பத்தில் இருப்பது நீல நிற வட்டச் செருகி என்பதால், அதற்கான நீண்ட வடம் வண்டியில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் ‘ப்ராய்’ எனப்படும் கரியடுப்பு இருக்கும். சைவர்களும் அதில் சோளத்தையும் கத்தரிக்காயையும் சுட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குக் கட்டி எடுத்துச் செல்லும் உணவை ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் ‘பட்கோஸ்’, அதாவது சாலை உணவு, என்பார்கள். நம் கட்டுச்சோற்றின் உடன்பிறப்பு. அதைக் குரங்குகளும் நன்கு அறியும். ஒரு முகாமில், கூரைச் சாளரத்தை விரற்கடை அளவு திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன பத்து நிமிடத்தில், என் மனைவி செய்து வைத்திருந்த முறுக்கு டின்னைத் திறந்து, உடைந்தவற்றை மட்டும் எங்களுக்கு விட்டுச் சென்றது ஒரு கூட்டம். சாளரம், கதவு, கூரை மூன்றையும் மூடிப் பூட்டிய பின்பே வண்டியை விட்டு நகருங்கள்.

கடைசி இரவு எங்கே என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கோல்டன் கேட்டிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் 300 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், வண்டியைக் காலையிலேயே ஒப்படைக்க வேண்டியவர்கள் பதினான்காம் இரவை நகருக்கு ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள முகாமுக்கு மாற்றி, டிராகன்ஸ்பெர்க்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்வது, பாத்திரம் கழுவுவது, எரிபொருள் நிரப்புவது, எரிவாயு உருளையைத் திருப்பித் தருவது ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் விமானத்தின் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.