கைக்குழி நிலத்தில் தங்கம் தேடுவது எப்படி

கானாவின் அஷாந்தி மண்டலத்தில் பழைய கைக்குழிகள், அதாவது சிறு சுரங்கக்காரர்கள் கையால் தோண்டிய குழிகள், தங்கம் எங்கே என்று காட்டும். எவ்வளவு என்று சொல்லாது. தோண்டியவர்கள் செழித்த கல்லை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் குழியோரக் குவியலில் அள்ளிய கல்லின் சோதனை முடிவை வைத்து அந்த நிலத்தை எடைபோடாதீர்கள்.

கானாவின் 2006ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படியான தேடல் உரிமம் கையில் வந்ததும், ஒவ்வொரு குழியையும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். குவார்ட்ஸ் ரேகை (பாறைக்குள் பட்டையாக ஓடும், தங்கம் தாங்கிய வெண்கல்) ஓடும் திசையையும் சாய்வையும் மேலிருந்தே அளந்துவிடலாம். முட்டுக் கொடுக்காத குழிக்குள் இறங்கவே கூடாது. சுவர் சரியும், அடியில் மூச்சுக்காற்று இல்லாமலும் போகலாம். அங்கே தோண்டி வந்தவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ஏன் நிறுத்தினீர்கள்? "தண்ணீர் ஊறிவிட்டது", "கல் கெட்டிப்பட்டது" என்று பதில் வந்தால், ரேகை கீழே தொடர வாய்ப்புண்டு. அந்தக் குழியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இங்கே ரேகைகள் பெரும்பாலும் வடகிழக்கு–தென்மேற்காக ஓடும். மண் மாதிரிக் கோடுகளை அதற்குக் குறுக்கே போடுங்கள். முதலில் கோடுகளுக்கிடையே 400 மீட்டர், கோட்டில் 50 மீட்டருக்கு ஒரு மாதிரி. தங்க அளவு ஏறும் இடத்தில் கோடுகளுக்கிடையே 100 மீட்டர், கோட்டில் 25 மீட்டருக்கு ஒரு மாதிரி. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, 30 முதல் 50 செ.மீ. ஆழத்தில் 2 கிலோ எடுத்தால் போதும்.

பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். கல் இடித்த இடம், மண் அலசிய பலகையடி, அதற்குக் கீழான சரிவு, ஓடை எல்லாவற்றிலும் தூளான தங்கம் சிதறிக் கிடக்கும். அங்கே எடுத்த மாதிரி பொய்யாக உயரும். அந்த இடங்களை முன்பே வரைபடத்தில் குறித்து விலக்கிவிட்டு, மேட்டுப்பக்கம் எடுங்கள். ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த மண்டலத்தில் தங்கம் பெரும்பாலும் ஆர்சனோபைரைட் என்ற ஆர்சனிக் கலந்த கனிமத்தோடு வரும். பாதரசமோ, மண் அலசுபவர்கள் தங்கத்தைச் சேர்த்தெடுக்கப் பயன்படுத்துவது. தங்கமும் பாதரசமும் ஏறி, ஆர்சனிக் ஏறவில்லை என்றால் அலசல் கழிவோ என்று சந்தேகப்படுங்கள்.

வெளியே தெரியும் ரேகையில் குறுக்காகச் சிறு பள்ளக்கோடு வெட்டி, மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ சீராகக் கொத்தி எடுங்கள். ரேகையும் பக்கப்பாறையும் ஒரே பையில் கலக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் பெரிய தங்கத்துகள் இருந்தால் 50 கிராம் ஃபயர் அசே (மாதிரியை உருக்கித் தங்கத்தை அளக்கும் சோதனை) அளவை ஒருமுறை ஏற்றும், மறுமுறை இறக்கும். 1 கிலோவைச் சலித்துச் செய்யும் சோதனையைக் கேளுங்கள். ஒவ்வொரு 20 மாதிரிக்குள்ளும் ஒரு வெற்று மாதிரி (தங்கமில்லாதது), ஒரு தரச்சான்று மாதிரி (தங்க அளவு முன்பே தெரிந்தது), ஒரு இரட்டை மாதிரி (அதே இடத்தில் இரண்டாவதாக எடுத்தது) நுழைத்துவிடுங்கள்.

துளையிடும்போது இயந்திரத்தைக் குழிவரிசைக்குத் தள்ளி, கெட்டி நிலத்தில் நிறுத்துங்கள். ரேகை சாயும் பக்கம் நின்று, 50 முதல் 60 பாகைச் சாய்வில், குழியடிக்குக் கீழே ரேகையை வெட்டும்படி துளையுங்கள். பிட் (துளைமுனை) திடீரென்று சறுக்கி, காற்றும் தூளும் திரும்பி வராவிட்டால் அது பெரும்பாலும் பழைய சுரங்கவெளி. பதிவேட்டில் 'வெற்றிடம்' என்று எழுதுங்கள். பக்கத்து மீட்டரின் அளவை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.