ஸ்கோப்பை விற்க முதல் ஒருக்கா துடையுங்கோ

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழைய ஒசிலோஸ்கோப் (மின் சைகைகளை அலைவடிவமாகத் திரையில் காட்டும் கருவி) ஒன்று வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சேமித்ததைத் திரும்ப எடுக்கும் 'ரீகோல்' பட்டனை அமத்தினால், முன்பு வைத்திருந்தவரின் அலைவடிவங்கள் வரிசையாக வருகின்றன. கோப்புப் பெயரிலேயே அவருடைய புரொஜெக்டின் பெயர்!

ஓஃப் பண்ணினால் ராம் மட்டும்தான் வெறுமையாகும். சேமித்த அலைவடிவம், செட்டப், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஃபிளாஷ் மெமரியில் அப்படியே கிடக்கும். அமைப்புகளைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் 'டிஃபோல்ட் செட்டப்' அமத்தினாலும் அவை போகாது. டெக்ட்ரோனிக்ஸ் கம்பனியின் ஸ்கோப்புகள் பலவற்றில் 'டெக்செக்யூர்' என்றொரு அழிப்பு வசதி உண்டு. கீசைட் கம்பனியின் ஸ்கோப்புகள் பலவற்றில் 'செக்யூர் இரேஸ்'. வேண்டியதை முதலில் யூஎஸ்பியில் எடுத்துவிட்டு அமத்துங்கோ.

விண்டோஸில் ஓடும் பெரிய கருவிகள் வேறு கதை. சிலவற்றில் டிஸ்க்கைக் கழற்றலாம். கலிபிரேஷனுக்கு (அளவு சரியா என்று சோதித்துத் திருத்த) அனுப்பும்போது வேலை டிஸ்க்கை அலுமாரியில் பூட்டிவிட்டு, விண்டோஸும் ஸ்கோப் மென்பொருளும் மட்டும் உள்ள, உங்கள் தரவு இல்லாத வேறு டிஸ்க் ஒன்றைப் போட்டு அனுப்புவது நல்லது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஃபோர்மட் பண்ணாதேங்கோ. கலிபிரேஷன் எண்களும் லைசன்ஸும் அதற்குள்ளேயே இருக்கலாம். எந்தச் சிப்பில் என்ன இருக்கிறது, எப்படி அழிப்பது என்று பல தயாரிப்பாளர்கள் மாடல்வாரியாக ஆவணம் வெளியிடுகிறார்கள். அதை வாசித்த பிறகு கை வையுங்கோ.

பின்பக்க யூஎஸ்பி துளையையும் ஒருக்காப் பாருங்கோ. நான் வாங்கியதில் பென்டிரைவும் இலவசம்.